மன்னித்ததற்கு மன்னிக்கவும்

ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் திட்டு வாங்கும் பிள்ளைகளுக்கு,

கோவில்பதாகையில் எங்கள் தெருவில் உங்களோடு கால் சென்டரில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். போன வாரம் கண் வீங்கி வீட்டுக்கு வந்தாள். யாரோ ஒரு ஆள் போனில் அவளையும் அவள் அம்மாவையும் சேர்த்துக் கண்டபடி பேசினானாம். "ஆன்ட்டி, நீங்களும் இதே அம்பத்தூர் எஸ்டேட்ல போன் வேலைதானே பாத்தீங்க? சர்ச்சுக்கு வேற போறவங்க. எப்படிப் பொறுத்துக்கிட்டீங்கன்னு எழுதிக் குடுங்க, எங்க குரூப்ல போடறேன்" என்றாள். நான் பொறுத்துக்கொண்டேன் என்று அவளிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை. நான் பொறுத்துக்கொண்ட லட்சணத்தை எழுதுகிறேன். முதலில் சிரித்துவிடுங்கள். சிரித்து முடித்த பிறகு ஏதாவது மிச்சமிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் டெலிபோன் ஆபரேட்டர். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அதில் ஒரு போர்டு, போர்டு முழுக்க ஓட்டைகள், கீழே கயிறு கயிறாகத் தொங்கும் பிளக்குகள். இந்த ஓட்டையில் ஒன்றும் அந்த ஓட்டையில் ஒன்றும் செருகினால் இரண்டு பேர் பேசலாம். அந்த வேலையை விவரித்து உங்களை அறுக்கப் போவதில்லை, அரை நாளில் பழகிவிடும். கஷ்டம் கயிற்றின் மறுமுனையில் இருந்த மனிதர்களால் வந்தது.

வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அப்போதெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். டிரங்க் கால் என்று பெயர். காலையில் சொன்னால் மாலையில் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால், பம்பாய்க்கும் சென்னைக்கும் நடுவில் நானே குறுக்கே படுத்துக்கொண்டிருப்பதைப் போல எல்லோரும் என்னைத் திட்டுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு நாள் திட்டுத் தாங்காமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எக்ஸ்சேஞ்சுக்கு நம்பர் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் முகத்தை நான் கடைசிவரை பார்த்ததில்லை. பெயரும் தெரியாது. பெயர் கேட்டால் சொல்லவும் மாட்டார். நான் 'அக்கா' என்று கூப்பிடுவேன்.

"அழுதுக்கிட்டே நம்பர் சொன்னா அஞ்சா ஒன்பதான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் அக்கா. "திட்டறவங்க சொல்றதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்காதே. அந்தத் திட்டுக்கு நடுவுல ஒரு நம்பர் இருக்கும். அதை மட்டும் காதுல வாங்கு."

இதைவிட நல்ல தொழில் ரகசியம் இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் என்னவோ நம்பரை விட்டுவிட்டுத் திட்டை மட்டும் பத்திரமாகச் சேர்த்துவைத்தேன். முக்கியமாக ஒரே ஒருவருடைய திட்டை.

அவர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் கோதண்டம் சார். வெள்ளானூரில் பழைய விவசாயக் குடும்பம். எங்கள் அப்பா சின்ன வயதில் அவர்கள் கழனியில் கூலி வேலை செய்தவர். பிறகு ஆவடிக்கு வந்து, ஒரு பட்டறையில் சேர்ந்து, ஞானஸ்நானம் எடுத்து, ஏழுமலையாக இருந்தவர் யோசேப்பு ஆனார். தெருவில் எல்லோரும் யோசேப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். ரேஷன் கடைக்காரர்கூட மாற்றிக்கொண்டார். கோதண்டம் சார் மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

"இன்னாம்மே அல்லேலூயா, லைன் கெடைச்சுதா இல்லியா? பரலோகத்துக்குப் போட்டுட்டியா?" என்பார். என் பெயர் லில்லி. அந்தப் பெயரை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. யாராவது புதிதாக வந்தால், "இது யார் தெரியுமா? எங்க கழனியில களை எடுத்துக்கினு இருந்தான் பாரு ஏழுமலை, அவன் பொண்ணு. இப்ப இங்கிலீஷ்ல ஹலோ சொல்லுது" என்று அறிமுகம் செய்துவைப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு என் அறைக்கு வந்து பல்லைக் கடிப்பேன். அவர் எக்ஸ்டென்ஷனில் என் லைன் கிடைக்கத் தாமதமானால் நான் யாருடனோ கதையடித்துக்கொண்டிருந்ததாக மேனேஜரிடம் போய்ச் சொல்வார். அப்படி இரண்டு தரம் மேனேஜர் முன்னால் கைகட்டி நின்றேன்.

என்னைச் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன். எங்கள் அப்பாவை 'அவன்' என்றது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைப் போதகர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். இந்த வாரமே உங்கள் பகைவனை மன்னியுங்கள் என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். திங்கட்கிழமை நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். காலையில் சாமான் வாங்குவதற்கு ஸ்டோர்ஸ் வாசலில் ஒரு கூட்டமே நிற்கும். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே கோதண்டம் சார் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், நீங்க என்னையும் எங்க அப்பாவையும் பேசினதையெல்லாம் நான் மன்னிச்சிட்டேன்" என்றேன்.

"இன்னாது?"

"மன்னிச்சிட்டேன் சார்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "நீ என்னை மன்னிச்சிட்டியா? நான் இன்னா தப்பு பண்ணேன்? உன்னாண்ட வந்து மன்னிப்பு கேட்டேனா? ஏம்ப்பா, யாராச்சும் பாத்தீங்களா, நான் கேட்டேனா?"

"சார், நேத்து நான் லேட்டா வந்தேன். அப்படியே என்னையும் மன்னிக்கச் சொல்லு சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஸ்டோர்ஸ் வாசலே சிரித்தது.

மத்தியானத்துக்குள் விஷயம் கேன்டீனுக்குப் போய்விட்டது. டீயைக் கொட்டினவனைப் பார்த்து, "போ மச்சான், மன்னிச்சிட்டேன்" என்றார்கள். ஸ்பேனரைத் தொலைத்தவனிடம் சொன்னார்கள். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போகும்போதுகூட, "வரட்டா மாமே, மன்னிச்சிட்டேன்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள். கோதண்டம் சாருக்கு அது பொறுக்கவில்லை. பலர் முன்னிலையில் ஆபரேட்டர் தன்னை அவமானப்படுத்திவிட்டாள் என்று மேனேஜரிடம் புகார் கொடுத்தார். எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைத் தமிழில் சொன்னால், 'ஐயா, அவரை மன்னித்ததற்கு மன்னிக்கவும்.'

போதகரிடம் போய் அழுதேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏம்மா, மனசுக்குள்ள மன்னிங்கன்னுதானே சொன்னேன்? ஸ்டோர்ஸ் வரைக்கும் போகச் சொன்னேனா?" என்றார்.

சரி, மனதுக்குள் மன்னிப்போம் என்று முடிவு செய்தேன். அந்தக் கூத்தையும் கேளுங்கள். தினமும் ஜெபத்தில் கோதண்டம் சாருக்கென்று ஒரு இடம் ஒதுக்கினேன். "ஆண்டவரே, இன்றைக்கு அவர் என்னை இன்னின்னது சொன்னார், மன்னித்துவிட்டேன். நேற்று இப்படிச் சொன்னார், மன்னித்துவிட்டேன்" என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். ஆண்டவருக்கு மறந்துவிடக் கூடாதே என்ற கவலை. ஒரு கிறிஸ்துமஸுக்கு வீட்டில் செய்த கேக்கில் இருப்பதிலேயே பெரிய துண்டை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயில் வைத்ததும் வெட்கப்பட்டுத் தலைகுனிவார் என்று காத்திருந்தேன். அவர் மென்று முடித்துவிட்டு, "முட்டை போட்டியா? ஷோக்கா கீது. இன்னொண்ணு கீதா?" என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆபரேட்டருக்கென்று ஒரு குட்டி அதிகாரம் உண்டு. ஸ்டோர்ஸிலிருந்து லைன் கேட்டால், "பிஸியா இருக்கு சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, இரண்டு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுக் கொடுக்கலாம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நான் மன்னித்த காலம் முழுவதும் கோதண்டம் சாருக்கு லைன் பிஸியாகவே இருந்தது.

அடுத்து வந்த ஐப்பசி மழையில் ஒரு நாள். கேபிளில் தண்ணீர் இறங்கி, கம்பெனிக்கு இருந்த இரண்டு வெளி லைன்களில் ஒன்று செத்துவிட்டது. அன்றைக்கென்று பம்பாயில் ஒரு பெரிய கம்பெனியோடு மேனேஜர் பேச வேண்டியிருந்தது. எங்களுக்கு ஒரு ஆர்டர் கிடைப்பதும் கிடைக்காததும் அந்தப் பேச்சில் இருந்தது. காலையிலேயே டிரங்க் கால் சொல்லிவைத்திருந்தோம். மேனேஜர் என் அறை வாசலுக்கே வந்து, "பம்பாய் வந்தா, கூரை இடிஞ்சு விழுந்தாலும் முதல்ல எனக்குக் குடுக்கணும். தவறவிட்டே, நாளைக்கு இந்த நாற்காலி உனக்கு இல்லை" என்றார். சாமான் விஷயமாக அவரைப் பார்க்க வந்த கோதண்டம் சார் பக்கத்திலேயே நின்று, "கேட்டுக்கினியா அல்லேலூயா?" என்று ஒரு முறை அழுத்தினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மணி அடித்தது. பம்பாய் என்று நினைத்து எடுத்தால் வெள்ளானூர் கடைக்காரர் ஒருவர். மழைச் சத்தத்தில் கத்தினார்.

"யாரும்மே அது? எத்தினி வாட்டி அடிக்கிறது? குந்திக்கினு கதையடிக்கிறியா? கோதண்டத்தைக் கூப்புடு! அது பொண்ணு சுமதியைப் பாம்பு கடிச்சிட்சி! ஆவடி கிளினிக்குக்குத் தூக்கிக்கினு போனா அங்க மருந்து இல்லியாம். எங்க போறதுன்னு தெரியாம வண்டியிலயே வச்சிக்கினு கீறாங்க. உனுக்குக் காது கேக்குதா இல்லியா, செவுடு!"

பிள்ளைகளே, அந்த நேரத்தில் எனக்குள் வந்த முதல் நினைப்பை மறைக்காமல் சொல்கிறேன். ஆண்டவர் கணக்குத் தீர்க்கிறாரோ என்றுதான் நினைத்தேன். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான். ஆனால் அந்த நினைப்பு என்னுடையதுதான், வேறு யாரும் வந்து என் காதில் ஓதவில்லை. அந்தப் பாம்பைவிட எனக்கு என்னைப் பார்த்துத்தான் பயமாக இருந்தது. அப்போது எக்ஸ்சேஞ்ச் அக்கா சொன்னது ஞாபகம் வந்தது.

"கிளினிக் நம்பர் சொல்லுங்க" என்றேன். அவர் திட்டிக்கொண்டேதான் சொன்னார். நடுவிலிருந்த நம்பரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்டோர்ஸுக்கு அடித்துச் செய்தியைச் சொன்னேன்.

கோதண்டம் சார் மழையில் ஷெட்டிலிருந்து ஓடி வந்து என் அறை வாசலில் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாய் திறந்து திறந்து மூடியது. கடைசியில், "இன்னா பண்றதுன்னு தெரியலியேம்மா" என்றார். அல்லேலூயாவுக்குப் பதிலாக அவர் என்னை 'அம்மா' என்றது அதுதான் முதல் முறை.

கிளினிக்கைப் பிடித்தேன். "மருந்து இருக்கிற இடத்தைக் கேட்டுச் சொல்லுங்க, வண்டி நிக்குது, நேரமில்லை" என்றார்கள். நகரத்திலிருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. பூந்தமல்லிப் பக்கம் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். லைன் பிஸி. மறுபடி அடித்தேன், பிஸி. மறுபடியும் பிஸி. எத்தனை முறை இதே வார்த்தையை இந்த மனிதரிடம் பொய்யாகச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே மறுபடியும் அடித்தேன்.

அப்போது லைனுக்குள் எக்ஸ்சேஞ்ச் அக்கா வந்தார். "பம்பாய் தயார். பேசறீங்களா?"

கோதண்டம் சார் என்னைப் பார்த்தார். பம்பாய் என்ற வார்த்தை அவர் காதிலும் விழுந்தது. மேனேஜரைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. இருப்பது ஒரே லைன். அதைப் பம்பாய்க்குக் கொடுத்துவிட்டால் பேசி முடிக்கும்வரை நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"அக்கா, பம்பாயை விட்டுடுங்க. பாம்பு கடிச்ச ஒரு பொண்ணுக்கு ஆஸ்பத்திரி தேடறேன். லைன் பிஸியாவே இருக்கு."

"விட்டா இன்னிக்கு மறுபடி கிடைக்காதும்மா."

"விட்டுடுங்கக்கா."

"எந்த நம்பர் பிஸி? சொல்லு, நான் உள்ளே பூந்து பேசறேன்" என்றார்.

எக்ஸ்சேஞ்சுக்கு அந்த வசதி உண்டு. அங்கே யார் பேசிக்கொண்டிருந்தார்களோ, அவர்களை விலக்கிவிட்டு ஆஸ்பத்திரி நர்ஸை எனக்குக் கொடுத்தார். மருந்து இருந்தது. உடனே கொண்டுவரச் சொன்னார்கள். கிளினிக்குக்குச் சொன்னேன், வண்டி கிளம்பியது. கோதண்டம் சார் யாருடைய ஸ்கூட்டரிலோ பின்னால் தொற்றிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனார். சுமதி பிழைத்துக்கொண்டாள்.

இங்கே கதையை நிறுத்திவிட்டால் நான் பெரிய ஆள். அவர் திருந்தினார், நான் ஜெயித்தேன் என்று சபையில் சாட்சி சொல்லியிருக்கலாம். நடந்தது வேறு.

ஆர்டர் கைவிட்டுப் போனது. நாலைந்து நாள் கழித்துக் கோதண்டம் சார் வேலைக்கு வந்ததும், மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். மேனேஜர் அவர் பக்கம் திரும்பி, "பம்பாய் கால் வந்தப்ப நீங்க அங்கதான் இருந்தீங்களா?" என்று கேட்டார்.

அந்த மாதம் கோதண்டம் சாருக்குப் பதவி உயர்வு வருவதாக இருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இல்ல சார். எனுக்குப் போன் வந்ததும் நான் ஓடிட்டேன். பம்பாய் வந்தது எனுக்குத் தெரியாது."

"அவர் போனதுக்கப்புறம் நீ யாரோட பேசிக்கிட்டிருந்தே?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

நான் மறுபடி சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். கதையடிக்கிறவள் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவள்தானே. போர்டிலிருந்து என்னை எடுத்துப் பேக்கிங் செக்‌ஷனில் போட்டார்கள். உதிரிபாகத்தை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைக்க வேண்டும். கை முழுக்கப் பிசுக்கு. வீட்டில் சோறு பிசைந்தால் சோற்றிலும் அந்த வாசனை.

அங்கே நான் சிலுவை சுமக்கும் ஒரு ரத்தசாட்சியாக வாழ்ந்தேன். யாராவது, "ஏன்கா உன்னை இங்க தூக்கிப் போட்டாங்க?" என்று கேட்டால், "வேணாம்பா, நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்" என்பேன். கேட்டவன் முழுக் கதையும் கேட்காமல் போகவே முடியாத மாதிரி ஒரு குரலில் சொல்வேன். கேக்கை நினைத்து நினைத்து ஆத்திரப்பட்டேன். ஜெபத்தில் கோதண்டம் சாருக்கான இடம் நீண்டுகொண்டே போனது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லத்தான் நாக்கு வரவில்லை. அதுவரை நான் மன்னித்ததெல்லாம் சில்லறை என்று அப்போதுதான் தெரிந்தது. உண்மையில் வலித்ததும் கையில் ஒன்றுமே இல்லை.

அடுத்த ஆயுதபூஜை வந்தது. அன்றைக்கு மட்டும் குடும்பத்தோடு தொழிற்சாலைக்குள் வரலாம். மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுப்பார்கள். நான் பேக்கிங் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பச்சைப் பாவாடை கட்டிய ஒரு பெண் குழந்தை பொரிப் பொட்டலத்தோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"நீங்கதான் போன் அம்மாவா?"

"ஆமா, நீ யாரு?"

"சுமதி. எங்கப்பா ஸ்டோர்ஸ். போன் அம்மாதான் உன்னைக் காப்பாத்துனாங்கன்னு அப்பா ஊட்ல டெய்லி சொல்லும். பம்பாயையே வேணான்னு சொல்லிட்டாங்களாமே? பம்பாய்ல யாரு கீறாங்க?"

எனக்கு வந்த கோபத்தைக் கேளுங்கள். வீட்டில் தினமும் சொல்கிறாராமே, அதை ஆபீசில் ஒரே ஒரு தரம் சொன்னால் என்ன? எழுந்து ஸ்டோர்ஸுக்குப் போய், இந்த முறை மன்னிக்காமல் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று செருப்பை மாட்டினேன். அந்தக் குழந்தை மேஜைமேல் பொட்டலத்தைப் பிரித்து, தனக்குப் பாதி எனக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டிருந்தாள். கடலையை மட்டும் பொறுக்கி என் பக்கம் வைத்தாள். கணுக்காலுக்கு மேல் தழும்பு கறுத்துத் தெரிந்தது. நான் மறுபடி உட்கார்ந்து கடலையைத் தின்றேன். "பம்பாய்ல யாரும் இல்லம்மா" என்றேன்.

கோபம் அன்றே போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் பல மாதம் இருந்தது. எப்போது போனது என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் ஜெபம் முடித்து எழுந்து, அடுப்பு பற்றவைத்து, பாதிச் சமையலில்தான் தோன்றியது, இன்றைக்குக் கோதண்டம் சாரைச் சொல்லவில்லையே என்று. யோசித்துப் பார்த்தால் நேற்றும் சொல்லவில்லை. அப்பாடா என்று நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. இவ்வளவு பெரிய காரியம் நடக்கும்போது ஒரு கண்ணீராவது வரும் என்று எதிர்பார்த்திருந்தேன், குழம்புதான் தீய்ந்தது.

என் இடத்தில் போர்டுக்கு வந்த பையன் மேனேஜரின் மாமியாரைப் பம்பாய் ஆளோடும், பம்பாய் ஆளைக் கேன்டீனோடும் பேசவைத்தான். அதனால் என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் மணி ஸ்டோர்ஸிலிருந்து வந்தது. "இன்னா அல்லேலூயா, வந்துட்டியா? லைன் குடு." நான் உடனே கொடுத்தேன். அதற்குப் பிறகு அவருக்கு என் போர்டில் லைன் ஒரு நாளும் பொய்யாகப் பிஸியானதில்லை. அவரும் மாறவில்லை, ஏழுமலை பொண்ணு என்பதை நிறுத்தவுமில்லை. நான் ஒரு நாள், "சார், எங்கப்பா பேரு யோசேப்பு. அவன் இவன்னு சொல்லாதீங்க" என்று நேராகச் சொன்னேன். சாதாரணக் குரலில்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என் முன்னால் அப்பாவைப் பற்றிப் பேசவில்லை.

இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். மன்னிக்கிறவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் அம்மாவைத் திட்டுகிறவன் போனை வைத்துவிடுங்கள், மேலே புகார் கொடுங்கள். அதோடு, அந்தத் திட்டுக்கு நடுவில் அவனுக்கு நிஜமாகவே வேண்டிய நம்பர் ஒன்று இருந்தால், அதை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையை முடித்துக்கொடுங்கள். அவன் திருந்துவான் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்ததில் ஒரு கேக்குதான் நஷ்டம்.

தொண்ணூறுகளில் கயிறு போர்டு போய்ப் பட்டன் போர்டு வந்தது. ஹோல்டில் போட்டால் டிங் டிங் என்று ஒரு பாட்டுப் பாடும். அந்தச் சமயத்தில்தான் கோதண்டம் சார் ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள், மேனேஜர் பேசினார், இவரும் பேசினார். என் பெயர் எதிலும் வரவில்லை. நான் கைதட்டிவிட்டு என் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். சாயங்காலம் ஷிப்ட் முடியும் சமயம். போர்டில் ஸ்டோர்ஸ் விளக்கு எரிந்தது.

"ஆபரேட்டர்."

"சொல்லுங்க சார். எந்த நம்பர்?"

"நம்பர் ஒண்ணும் வேணாம். உன்னாண்டதான் பேசணும்." அவர் தொண்டையைச் செருமினார். "அன்னிக்கு நீ இங்க வந்து மன்னிச்சிட்டேன்னு சொன்னே. நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டு உன்னைப் பாத்து எல்லாரையும் சிரிக்க வச்சேன்."

"அதெல்லாம் பழசு சார்."

"இரு, சொல்ல வுடு. தெரிஞ்சிதான் கேட்டேன் லில்லி. அப்பவும் தெரியும். பம்பாய் விஷயத்துலயும் தெரியும். நேர்ல வந்து சொல்ல மூஞ்சி இல்ல, அதான் போன்ல..." என்று நிறுத்தினார். பிறகு, "உங்கப்பா யோசேப்பு நல்லா கீறாரா?" என்று கேட்டார்.

இந்த நிமிடத்துக்கு நான் எத்தனையோ வருடமாக வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். சின்னதாக ஒன்று, பெரியதாக ஒன்று, அழுதுகொண்டே சொல்ல ஒன்று. ஒன்றுகூட வாயில் வரவில்லை. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. அழுதுகொண்டு பேசினால் அந்தப் பக்கம் புரியாது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. பழக்க தோஷத்தில், "ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க சார்" என்று சொல்லி ஹோல்ட் பட்டனை அழுத்திவிட்டேன்.

வாழ்நாளில் ஒரே ஒரு முறை அந்த மனிதர் இறங்கிவந்து பேசினார், அவரை டிங் டிங் பாட்டுக் கேட்கவைத்துவிட்டுப் புடவைத் தலைப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். முகம் கழுவினேன். தண்ணீர் குடித்தேன். இதற்குள் வைத்துவிட்டுப் போயிருப்பார், அவருக்கா பொறுமை என்று நினைத்துக்கொண்டேதான் பட்டனை விடுவித்தேன்.

கோதண்டம் சார் லைனில்தான் இருந்தார்.